மேளம் வைக்கிற தம்பிக்கு ஒரு கணக்கு

வந்த கடிதம் இது, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்:

"அக்கா, வணக்கம். வயது 24. ஊர் அம்மாபேட்டை பக்கம். பி.காம். முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 13,000. குரூப் 4 இரண்டு தடவை எழுதினேன், போன தடவை 141 கேள்வி சரி, கிடைக்கவில்லை. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூரில் நண்பனின் அப்பாவுடைய வீணைப் பட்டறைக்குப் போய்வருகிறேன். எங்களுக்கு அது பரம்பரைத் தொழில் இல்லை. இப்போது மேளம் வைக்கவே, அதாவது வீணையில் கம்பிக்கு அடியில் இருக்கிற மெட்டு என்கிற உலோகக் கட்டைகளைச் சுருதிக்குப் பொருத்தவே, என்னை விடுகிறார். மெட்டை மெழுகில் உட்கார வைத்து நகர்த்தி நகர்த்தி, சுருதி சேர்கிற இடம் வரும்போது உடம்பே லேசாகிவிடுகிறது, சாப்பிடக்கூட மறந்துவிடுகிறேன். குடம் குடைகிற வேலைதான் எனக்கு வரவில்லை, கை விட்டுப்போகிறது. ஒரு வீணைக்கு மேளம் வைக்க 6,000 வாங்குகிறார், இரண்டு நாள் வேலை. எனக்கு ஞாயிற்றுக்கு 500 தருகிறார். அவர் மகன் சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறான். 'நீ முழுசா வந்துடேன்' என்கிறார். அப்பாவுக்கு மூன்று ஏக்கர். அக்கா கல்யாணத்துக்கு வைத்த நகைக்கடன் இரண்டரை லட்சம் நிற்கிறது. 'வீணை வயித்துக்குச் சோறு போடுமா' என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஆலையில் ராத்திரி மூட்டைக் கணக்கு டேலி ஆகிற நேரம் தவிர வேறு எதுவும் பிடிக்கவில்லை. பிடித்த வேலைக்குப் போவதா, சோறு போடுகிற வேலையிலேயே கிடப்பதா?"

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆலை வேலையை இப்போதைக்கு விடாதீர்கள், பட்டறையையும் விடாதீர்கள். படகுக்கு ஒரு கால், கரைக்கு ஒரு கால் என்று மழுப்புகிறாளே என்று நினைக்க வேண்டாம், எந்தத் தேதிவரை அப்படி, எதைப் பார்த்த பிறகு எந்தக் காலை எடுப்பது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஒன்று. நீங்கள் எழுதியதிலேயே உயிரோடு இருப்பவை இரண்டு இடங்கள். ஒன்று மெட்டு சுருதியில் உட்காருவது, இன்னொன்று மூட்டைக் கணக்கு டேலி ஆவது. இரண்டாவதை நீங்கள் ஏதோ குறையாகச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இரண்டும் ஒரே ஆசையாகத்தான் தெரிகிறது. இம்மியளவு பிசகி நிற்கிற ஒன்றைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறது. மரம் குடைவது வரவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், யாளி முகம் செதுக்குவதைப் பற்றி ஒரு வரி இல்லை, வீணை வாசிக்க ஆசை என்றும் இல்லை. அப்படியென்றால் உங்களுக்குப் பிடித்தது "வீணைத் தொழில்" முழுசாக இல்லை, அதில் ஒரு கடைசி வேலை மட்டும். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு தொழில் பிடிக்கும் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தொழிலில் எந்த வேலை பிடிக்கும் என்று சொல்லத் தெரியாது. சமையல் பிடிக்கும் என்று சொல்லிக் கடை போடுகிறவருக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு வெங்காயம் உரிப்பதும் கடன் சொல்லிப் போனவரைத் துரத்துவதும்தான் கடை என்று மூன்றாம் மாதம்தான் தெரிகிறது. உங்களுக்கு இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டன.

சரி, அப்பா.

உங்களுக்கு 24 வயது என்றால், 2012-இல் நீங்கள் ஆறாம் வகுப்புப் பக்கம் இருந்திருப்பீர்கள். அந்த வருடத்திலிருந்து 2019 வரை, எட்டு வருடம் தொடர்ந்து, வழக்கமான நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை. 2017-இல் அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தார்கள். போர்வெல் இல்லாதவர்களுக்குக் குறுவை நெல் என்கிற வார்த்தையே வீட்டில் இல்லாமல் போன வருடங்கள் அவை. 2018-இல் ஜூலையிலேயே தண்ணீர் வந்ததே என்று மூச்சு விடுவதற்குள் நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை படித்த காலம் முழுக்க உங்கள் அப்பா, பணம் எப்போது வரும் என்றே தெரியாமல் ஃபீஸ் கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு 2020-இல் தேதி தவறாமல் திறந்தார்கள், 2024-இல் மறுபடியும் ஜூலைக் கடைசி ஆகிவிட்டது. அவர் "கவர்மென்ட் வேலை" என்று சொல்லும்போது அவர் காதில் கேட்பது அதிகாரமோ கௌரவமோ மட்டும் இல்லை. மாதம் பிறந்தால் பணம் வரும், அதற்கு வானத்தையும் அணையையும் பார்க்க வேண்டாம், அதுதான் கேட்கிறது. வீணையின் மேல் அவருக்கு என்ன பகை இருக்கப் போகிறது?

டெல்டாவில் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் வீட்டில் சண்டை போடுகிற பிள்ளைகளை நான் வாரத்துக்கு இரண்டு பேரைப் பார்க்கிறேன். பிள்ளை "எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறான். அப்பா "சோறு போடுமா" என்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, இரண்டு பேரும் கோபமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அவர் கேட்டது எவ்வளவு என்றும் எப்போது என்றும். அதற்கு நம்மிடம் கணக்கு இருந்தால் பேசலாம், கணக்கு இல்லாதவரைக்கும் பேசாமல் இருப்பதே மேல்.

இதை நான் என் கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டேன். எம்.ஏ. முடித்ததும் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனேன், எனக்கு உயிரான வேலை. 7,500 ரூபாய்ச் சம்பளம் என்று பேச்சு. சம்பளம் குறைவு என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, சிக்கனமாக இருந்துகொள்ளத் தெரியும். ஆனால் ஜூலைச் சம்பளம் அக்டோபரில் வரும், அதுவும் பாதி, மீதி பொங்கலுக்கு. வகுப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் அலுவலக அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் மனசு அங்கே போய்விடும். ஒன்றரை வருடத்தில் பாடம் எடுப்பதே கசந்துபோனது. பிறகு பதினான்கு வருடம் வேறொரு அலுவலகத்தில் வேலை செய்துவிட்டுத்தான் இந்த ஆலோசனை வேலைக்கு வந்து சேர்ந்தேன். பிடித்த வேலையைக் கசக்க வைப்பது குறைந்த பணம் இல்லை தம்பி, தேதி இல்லாத பணம். குறைந்த பணம் என்றால் அதற்குத் தகுந்தபடி இருந்துகொள்ளலாம்.

இப்போது பட்டறைக்கு வருவோம், இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வீணைப் பட்டறையில் இரண்டு விதமான வருமானம் உண்டு, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். புது வீணை செய்து விற்பது ஒன்று. நல்ல பலாமரம் கிடைக்க வேண்டும், பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது, அது காய வேண்டும், குடம் குடைந்து, தண்டி என்கிற நீளமான கழுத்துப் பகுதியைப் பிடித்து, யாளி முகம் செதுக்கி, ஒரே மரத்தில் செய்கிற ஏகாண்ட வீணையாக இருந்தால் இன்னும் மெனக்கெட்டு, கடைசியில் ஒருவர் வந்து வாசித்துப் பார்த்து வாங்கிப்போக வேண்டும். விற்றால் மொத்தமாகப் பணம், விற்காதவரை மரமாகவே நிற்கிறது. அது சம்பா சாகுபடி. பொன்மணி விதைத்துவிட்டு நூற்றைம்பது நாளுக்கு மேல் காத்திருக்கிற மாதிரி.

மேளம் வைப்பது வேறு. தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சின அந்தக் கறுப்பு மெழுகில்தான் 24 மெட்டும் உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போனால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். வருடக்கணக்கில் வாசித்தால் கம்பி பட்டுப் பட்டு மெட்டில் பள்ளம் விழும். மெழுகு காய்ந்து விரிசல் விடும். அதாவது ஒருதரம் விற்ற வீணை, உயிரோடு வாசிக்கப்படுகிறவரை, சில வருடத்துக்கு ஒருமுறை மேளத்துக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். இது சம்பா இல்லை, பால் மாடு. ஒரே நாளில் கொட்டாது, ஆனால் தினம் கொஞ்சம் கறக்கும். உங்கள் கைக்கு வந்திருப்பது இந்தப் பால் மாட்டு வேலைதான். இதைக் கடிதத்தில் நீங்கள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஆனால் எத்தனை மாடு, எத்தனை படி என்று தெரியாமல் நான் உங்களை ஆலையைவிட்டு இறங்கச் சொல்ல மாட்டேன். 6,000 ரூபாய் வேலையில் மெழுகு, கம்பி, இதரச் செலவு போக, பட்டறை இடத்துக்கும் பெரியவர் பெயருக்கும் ஒரு பங்கு போக, பாதி உங்களுக்கு வந்தால் 3,000. மாதம் ஐந்து வீணை வந்தால் 15,000, இப்போது ஆலையில் வாங்குவதைவிடக் கூடுதல், உழைப்பு பத்து நாள். மூன்று வந்தால் 9,000, வீடு தாங்காது. ஆகவே மொத்தக் கேள்வியும் ஓர் எண்ணில் வந்து நிற்கிறது: அந்தப் பட்டறைக்கு மாதம் எத்தனை வீணை மேளத்துக்கு வருகிறது? உங்களுக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பெரியவரிடம் கேட்டால் "வந்துகிட்டேதான் இருக்கும்" என்பார், கைத்தொழில்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் ஞாபகத்தில் நல்ல மாதங்கள்தான் இருக்கும்.

அதனால் கணக்குப்பிள்ளை வேலையைக் கொஞ்சம் அங்கேயும் காட்டுங்கள். பழைய ரசீது, டைரி, போனில் வந்த பணப் பரிமாற்றம், எது கிடைக்கிறதோ அதை வைத்து இரண்டு வருடத்துக்கு மாதவாரியாக எழுதுங்கள். மேளம் எத்தனை, கம்பி மாற்றியது எத்தனை, பிரடை (கம்பியை முறுக்குகிற முளை) சரிசெய்தது எத்தனை, புதுசு எத்தனை. சரஸ்வதி பூஜைக்கும் விஜயதசமிக்கும் முன்னால், அப்புறம் மார்கழிக் கச்சேரிக்கும் தை மாதம் திருவையாறு ஆராதனைக்கும் முன்னால் எவ்வளவு ஏறுகிறது, கோடையில் எவ்வளவு இறங்குகிறது என்று தனியாகப் பாருங்கள். வருகிறவர்கள் எந்த ஊர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தஞ்சாவூர், கும்பகோணம் என்றால் அது ஒரு கணக்கு. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றால் அது முற்றிலும் வேறு கணக்கு, ஏனென்றால் சென்னையில் பத்து வீணை டீச்சர்கள் ஒரு பையனை நம்பினால் மாதம் ஒருமுறை ரயில் ஏறிப் போய் நான்கு நாள் தங்கி இரண்டு மேளம் வைத்துவிட்டு வரலாம். மெழுகும் கரியும் ஒரு டப்பாவில் அடங்கிவிடுகிற தொழில் இது, குடைகிற வேலைக்காரருக்கு இந்த வசதி இல்லை. (பட்டறைப் பெரியவருக்கே இது தோன்றாமல் இருக்கலாம், தோன்றியும் வயது இடம் கொடுக்காமல் இருக்கலாம்.)

பெரியவர் "முழுசா வந்துடேன்" என்று சொன்னது பெரிய வார்த்தை. பரம்பரையில் இல்லாத ஒரு பையனிடம், மரத்தோடும் உளியோடும் நிறுத்தாமல், வீணையின் கடைசி வேலையான மேளத்தைக் கொடுத்திருக்கிறார். உங்கள் காதை அவர் நம்புகிறார் என்று அர்த்தம், "எங்கள் குடும்பத் தொழில் இல்லை" என்று நீங்கள் கூச்சத்தோடு எழுதியதற்கு அவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். ஆனால் பாசத்தில் சொன்ன வார்த்தையை வைத்துக்கொண்டு வேலையை விடக் கூடாது. முழுசா வந்தால் எனக்கு என்ன, ஒரு மேளத்துக்குப் பாதியா, மாதச் சம்பளமா, வேலை வராத மாதம் என்ன செய்வது, நாளைக்கு உங்கள் மகன் பட்டறையை விற்றுவிடலாம் என்றால் நான் எங்கே நிற்பது, இதையெல்லாம் கேட்டுவிட வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். அவர் மனைவியும் உங்கள் நண்பனும் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு கேளுங்கள். நண்பன் இல்லாமல் கேட்டால் பின்னால் வம்பு வரும்.

கடன், மானியம் பற்றிப் பலர் உடனே சொல்வார்கள். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் திட்டங்களை அடுக்குவார்கள், போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் வாங்காதீர்கள். மேளம் வைக்க முதலீடு என்ன பெரிதாக வேண்டும்? இரண்டரை லட்சம் நகைக்கடன் இருக்கும்போது இன்னொரு கடன் ஏன்? மத்திய அரசு கொடுக்கிற கைவினைஞர் அடையாள அட்டைக்கு மட்டும் விண்ணப்பித்து வையுங்கள், கண்காட்சிக்கெல்லாம் உதவும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊர்ப் பெயருக்கு அது ஒரு மதிப்பு, ஆனால் அதனால் மட்டும் நாளைக்கு உங்கள் பட்டறை வாசலில் வரிசை நிற்காது.

குரூப் 4 விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். 2025-இல் அறிவிக்கும்போது 3,935 இடம், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் வருகிறது. 200 கேள்வியில் 141 சரி என்பது சும்மா எழுதிப் பார்த்தவர் எடுக்கிற எண் இல்லை, உழைத்திருக்கிறீர்கள், ஆனாலும் கிடைப்பதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வருடம் முழுசாக உட்கார வேண்டும், பட்டறையும் இல்லை, ஆலையும் இல்லை. அதற்கு மனசு இருக்கிறதா? கடிதத்தில் அந்தப் பரீட்சையைப் பற்றி ஒன்றரை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மனசு இல்லை என்றால், "படிச்சுக்கிட்டு இருக்கான்" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வதற்காக மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் நூலகங்களில் அப்படிப் படித்துக்கொண்டே முப்பதைத் தொட்டவர்கள் எனக்குத் தெரியும். அறிவிப்பு வந்தால் விண்ணப்பித்துப் போய் எழுதிவிட்டு வாருங்கள், அதற்கு மேல் நாள் கொடுக்க வேண்டாம்.

கும்பகோணத்தில் உட்கார்ந்து படிப்பு, வேலை என்று எழுதுகிறவர்கள் கணித மேதை ராமானுஜத்தை இழுக்காமல் விட மாட்டார்கள், நானும் இழுத்துவிடுகிறேன். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு இங்கே கல்லூரியில் உதவித்தொகையை இழந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1912. சென்னைத் துறைமுகத்தில், அதுவும் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜுக்கு அவர் எழுதிய கடிதம் அந்த 30 ரூபாய் வேலையில் இருந்துகொண்டு எழுதியது. உங்கள் ஆலைச் சம்பளத்தை இதற்கு மேல் கேவலமாகப் பேசாதீர்கள்.

ஆலையில் என்ன பேசலாம் என்றால், நாள் குறைக்க முடியுமா என்று. தையில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது, அப்போது கேட்டால் திட்டுதான் கிடைக்கும். வரத்து குறைந்து ஆலை ஓய்வாக இருக்கிற மாதத்தில் கேளுங்கள். வாரம் நான்கு நாள், 9,000 என்றால் ஒத்துக்கொள்கிற முதலாளிகள் உண்டு, ராத்திரி டேலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பான் என்று பெயரெடுத்த பையனை அவ்வளவு சுலபத்தில் விட மாட்டார்கள். மீதி மூன்று நாள் பட்டறை. இப்படி ஒரு வருடம், அடுத்த ஆராதனை முடிகிறவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடத்தில், வாரம் மூன்று நாள் உழைப்பிலேயே, மேளத்தில் மட்டும் உங்கள் கைக்கு வருகிற பணம், மிக மோசமான மூன்று மாதங்களிலும் 6,000-க்குக் கீழே போகவில்லை என்றால் ஆலையை விடலாம். சராசரியைப் பார்க்காதீர்கள், சராசரி எப்போதும் அழகாக இருக்கும். மோசமான மாதத்தைப் பாருங்கள், அரிசி வாங்குவது அந்த மாதத்திலும்தான்.

அப்பாவிடம் இப்போது எதுவும் பேச வேண்டாம். மாதவாரிக் கணக்கு கைக்கு வந்த பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். வீணையைப் பற்றியோ மனசு லேசாவதைப் பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம். "நகைக்கடனுக்கு மாசம் இவ்வளவு, இந்தத் தேதியில என் கையால கட்டிடுறேன்ப்பா, ஆலைப் பணத்துலேருந்து. மேளப் பணம் தனி, அது இந்த இந்த மாசம் இவ்வளவு வந்திருக்கு, சித்திரை வைகாசியில இறங்கியிருக்கு" என்று சொல்லுங்கள். இறங்கின மாதத்தை மறைக்காதீர்கள். நல்ல மாதத்தை மட்டும் காட்டுகிறவனை எந்த விவசாயியும் நம்ப மாட்டார், அவருக்கு அந்தத் தந்திரம் தெரியும், கூட்டுறவுச் சங்கத்தில் அவரே செய்திருப்பார். ஆறு மாதம் சொன்ன தேதியில் கட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அவர் முனகுவார், முனகட்டும், நடவுக்கு ஆள் வரவில்லை என்றும் அவர் முனகத்தான் செய்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பட்டறை டைரியை எடுத்து எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள், புரட்டாசியையும் மார்கழியையும் தனியாக, சித்திரையை மறக்காமல். நகைக்கடன் மறு அடகு எந்த மாதம் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைக் கடிதத்தில் விட்டுவிட்டீர்கள்.